எலுமிச்சம்பழத்தில் ஏறிய வண்டி

1

ஊரில் இருப்பவர்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுவது நல்லது. நான் ஞாயிற்றுக்கிழமைகளில் கார் பந்தயம் ஓட்டுகிறேன். கார் ஒரு முழம் நீளம். அதற்குள் உட்கார முடியாது. ஒரு மரமேடையில் மற்ற பெரிய மனிதர்களோடு வரிசையாக நின்று, கையில் ரிமோட்டை வைத்துக்கொண்டு, கீழே இருக்கும் மண் பாதையில் அதை விரட்ட வேண்டும். எனக்கு வயது நாற்பத்தாறு. பால் பவுடர் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை வேலை. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். இதையெல்லாம் சேர்த்து நினைத்துச் சிரிப்பவர்கள் சிரித்து முடித்துவிட்டு மேலே படிக்கலாம்.

கடலூரிலிருந்து நியூசிலாந்தின் ஹாமில்டனுக்கு நாங்கள் வந்தது 2004-இல். மகன் அகிலனுக்கு அப்போது எட்டு வயது. வந்த புதிதில் வீட்டில் நானும் என் மனைவி கலாவும் தமிழில் கேட்போம், அவன் தமிழில் பதில் சொல்வான். பிறகு நாங்கள் தமிழில் கேட்போம், அவன் ஆங்கிலத்தில் பதில் சொல்வான். அதற்கும் பிறகு நாங்கள் கேட்போம், அவன் தோளைக் குலுக்குவான். வெளிநாட்டுத் தமிழ் வீடுகளில் இது ஒப்பந்தம் போட்ட மாதிரி வரிசைப்படி நடக்கும். நண்பர்கள் வீட்டிலும் இதே கதைதான் என்பதால் நாங்கள் அதிகம் கவலைப்படவில்லை. கவலைப்பட்டாலும் செய்வதற்கு ஒன்றுமில்லை.

இந்தப் பந்தய கிளப்பை அகிலன்தான் முதலில் கண்டுபிடித்தான். நான் துணைக்குப் போனேன். துணைக்குப் போனவன் மாட்டிக்கொண்டேன். கிளப்பில் ஒரு தகரக் கொட்டகை, அதில் நீள நீளமான மேஜைகள். வண்டியைக் கழற்றுவது, துடைப்பது, ஸ்பிரிங் மாற்றுவது, டயர் மாற்றுவது எல்லாம் அந்த மேஜையில்தான். நானும் அவனும் ஒரே மேஜை. அங்கே வைத்துத்தான் அந்த அதிசயம் நடந்தது. அவன் தமிழ் பேச ஆரம்பித்தான்.

காரணம் பாசம் இல்லை, ரகசியம். பக்கத்தில் இருப்பவனுக்கு நாம் என்ன மாற்றுகிறோம் என்று தெரியக்கூடாது.

"அப்பா, பின்னாடி ஸ்பிரிங்க மாத்து. அந்த ஆளு பாக்குறான், திரும்பிக்க."

வீட்டில் ஆறு நாள் பேசாத தமிழையும் ஞாயிற்றுக்கிழமை அந்த மேஜையில் பேசிவிடுவான். பள்ளியில் யாரோடு சண்டை, எந்த வாத்தியார் மோசம், அம்மா ஏன் கோபமாக இருக்கிறாள், எல்லாமே வண்டி துடைக்கிற சாக்கில் நடுநடுவே வந்து விழும். எனக்கு வண்டி பிடித்ததோ இல்லையோ, அந்த மேஜை பிடித்துவிட்டது.

2

இந்த வண்டிகளுக்கு பக்கி என்று பெயர். நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு வேறு மரியாதை இருப்பதால் இங்கே வண்டி என்றே எழுதுகிறேன்.

வண்டியில் இரண்டு ரகம். ஒன்றில் நாலு சக்கரமும் இழுக்கும். இன்னொன்றில் பின் சக்கரம் இரண்டு மட்டும் தள்ளும், முன்னால் இருக்கும் இரண்டும் சும்மா உருளும், திரும்பும், அவ்வளவுதான். முதல் ரகத்தை ஃபோர்வீல் என்றும் இரண்டாவதை டூவீல் என்றும் சொல்வார்கள்.

ஃபோர்வீல் நம் தப்பைப் பெரிதுபடுத்தாது. வளைவில் கொஞ்சம் தடுமாறினாலும் ரிமோட்டில் விசையை அழுத்தினால் போதும், முன் சக்கரங்கள் வண்டியை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். தாவிக் குதித்தால் பெரும்பாலும் நாலு காலில் இறங்கும். அதன் குறை ஒன்றுதான், அதிக வேகத்தில் வளைவுக்குள் போனால் திரும்ப மாட்டேன் என்று மூக்கை வெளிப்பக்கமே தள்ளிக்கொண்டு போகும். டூவீல் அப்படி இல்லை. வளைவின் நடுவில் தெரியாமல் விசையைத் தொட்டால் பின்புறம் சுழன்று, வந்த வழியைப் பார்த்து நிற்கும். முன்கூட்டியே வேகத்தைக் குறைக்க வேண்டும், மூக்கு திரும்பும்வரை பொறுக்க வேண்டும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக விசை. அந்தரத்தில் இருக்கும்போதும் வேலை உண்டு. விசை கொடுத்தால் மூக்கு தூக்கும், பிரேக் பிடித்தால் மூக்கு இறங்கும்.

இரண்டு ரகத்துக்கும் தனித்தனிப் பந்தயம். ஒரே நாளில்தான் நடக்கும், ஆனால் மேஜைகள் வேறு. டூவீல்காரர்கள் கொட்டகையின் அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். 2010 கடைசியில் அகிலன், அடுத்த பருவத்துக்கு டூவீல் போகலாமா என்று யோசிப்பதாகச் சொன்னான். அவனுடைய நண்பன் டேனியல் தன் பழைய டூவீலை இரவல் கொடுத்திருந்தான். பிப்ரவரியில் கிளப் செயலாளருக்குப் பெயர் கொடுக்க வேண்டும். அதுவரை யோசிக்கலாம்.

எனக்கு யோசிக்க ஒன்றுமில்லை. அவன் அந்தப் பக்கம் போனால் மேஜை போச்சு. மேஜை போனால் தமிழும் போச்சு. அங்கே டேனியலும் அவன் வயதுப் பையன்களும் இருக்கிறார்கள், அவர்களிடம் மறைக்கத் தமிழ் எதற்கு?

டிசம்பரில் ஊருக்குப் போகிறோம், இரண்டு வண்டியையும் கொண்டுபோய் நம் ஊர் மண்ணில் ஓட்டி ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று நான்தான் சொன்னேன். பெருந்தன்மை எல்லாம் இல்லை. கடலூர் மணலில் டூவீல் ஓர் அடி நகராது என்பது என் கணக்கு. கலா பெட்டி கட்டிக்கொண்டே, "அவன் உங்க கூட இருக்கணும்னா இருப்பான், வண்டியப் பாத்தா இருக்கப் போறான்?" என்றாள். இரண்டு வண்டிக்கு இடம் வேண்டும் என்பதால் நான் சட்டைகளை வெளியே எடுத்தேன்.

3

சென்னை விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். அதிகாரி இரண்டு ரிமோட்டுகளையும் மேஜைமேல் எடுத்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எதுக்கு சார் ரெண்டு?"

"ரெண்டு வண்டி சார்."

"பையன் ஒருத்தன்தான நிக்கிறாரு?"

ஒன்று என்னுடையது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக என்றேன். பொம்மையை ஒப்பிட்டுப் பார்க்க இவ்வளவு தூரமா என்பதுபோல் அவர் புருவத்தைத் தூக்கினார். அகிலன் தன் தமிழில் உதவிக்கு வந்தான். "இது ஈஸி. இது கஷ்டம்" என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினான்.

"தம்பி கஷ்டமானத வுட மாட்டேன்னுது பாருங்க சார்" என்று சிரித்துவிட்டு அவர் பெட்டியை மூடச் சொன்னார். அகிலன் டூவீலை மார்போடு அணைத்துப் பிடித்திருந்ததை நான் அப்போதுதான் கவனித்தேன்.

மேல்பட்டாம்பாக்கத்தில் மாமனார் வீட்டில் தங்கினோம். மறுநாள் காலையில் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு வண்டிகளை எடுத்துப் போனபோதுதான் தேதி உறைத்தது. டிசம்பர் இருபத்தாறு. கடல் உள்ளே வந்தபோது நாங்கள் ஊரைவிட்டுப் போய்ச் சில மாதம் ஆகியிருந்தது, டிவியில்தான் பார்த்தோம். இப்போது பெண்கள் வரிசையாக நின்று அலையில் பூவும் பாலும் விட்டுக்கொண்டிருந்தார்கள். அகிலன் அவர்களைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். வண்டியைப் பெட்டியிலிருந்து எடுக்காமலே திரும்பிவிட்டோம். அடுத்த நாள் மறுபடி போனோம்.

உலர்ந்த மணலில் என் கணக்கு பலித்தது. டூவீல் பின் சக்கரத்தால் தனக்குத் தானே குழி தோண்டி வயிறுவரை புதைந்தது. ஃபோர்வீல் மணலைப் பின்னால் வாரி இறைத்துக்கொண்டு கரை நெடுக ஓடியது. கூட்டம் சேர்ந்துவிட்டது. "மைலேஜ் எவ்ளோ சார் குடுக்கும்?" என்று ஒருவர் மிகவும் அக்கறையாகக் கேட்டார். அலை நனைத்த கெட்டி மணலில் டூவீலும் நன்றாகவே ஓடியது என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் அகிலன் அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தபோது நான், பசிக்கிறது, போகலாம் என்றேன்.

திருப்பாதிரிப்புலியூரில் டிபன் சாப்பிட்டுவிட்டு, சக்கரத்துக்குள் போன மணலைத் தட்ட இரண்டு பல் துலக்கும் பிரஷ் வாங்கினோம். கடைக்கு வெளியே நின்றே அகிலன் துடைக்க ஆரம்பித்தான். "அப்பா, ஃபோர்வீல் சூப்பரா போச்சுல்ல?" என்றான். எனக்கு அன்று முழுக்க நல்ல மனநிலை.

4

மூன்றாம் நாள் சிதம்பரத்தில் என் அக்கா வீட்டுக்குப் போனோம். அக்கா புருஷன் ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியர். நானும் அவரை மாமா என்பேன், அகிலனும் மாமா என்பான். அரையாண்டு விடுமுறை என்பதால் பள்ளி மைதானம் காலியாக இருந்தது, அங்கே ஓட்டலாம் என்று போனிலேயே சொல்லியிருந்தார்.

மைதானத்துக்குக் கிளம்பும்போது அக்கா வாசலில் வழிமறித்தாள்.

"புது வண்டியா? பூச போட்டாச்சா?"

"அக்கா, இது வெளையாட்டு வண்டி."

"உருளுதுல்ல?"

உள்ளே போனவள் சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழத்தோடு வந்தாள். இரண்டு வண்டிக்கும் நெற்றி எது என்று அகிலனிடம் கேட்டுக்கேட்டுப் பொட்டு வைத்தாள். கற்பூரம் காட்டினாள். பிறகு தெருவில் சிமெண்ட் பாளம் பிளந்திருந்த இடமாகப் பார்த்து, உருண்டு போகாமல் ஒரு பழத்தைப் பதித்து வைத்தாள்.

"ஏத்திக்கினு போங்க. நசுங்கணும்."

ஊரில் லாரி முதல் சைக்கிள் வரை எதற்கும் இதுதான் முறை. ஆனால் எங்கள் வண்டியின் மொத்த எடை ஒரு பெரிய தேங்காய் அளவு. பழம் அதற்குக் கிட்டத்தட்ட பாறாங்கல். நான் ஃபோர்வீலை மெல்ல விட்டேன். முன் சக்கரம் பழத்தைப் பற்றி ஏறியது, பின் சக்கரம் தொடர்ந்தது, அலுங்காமல் அந்தப் பக்கம் இறங்கியது. நான் பெருமையாகத் திரும்பிப் பார்த்தேன். அக்கா குனிந்து பழத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுமே ஆவல. அப்டியே கீது போ" என்று மாமா மெட்ராஸ்காரர் மாதிரிப் பேசி அவளைச் சீண்டினார்.

"நசுங்கலன்னா கணக்குல வராது" என்றாள் அக்கா.

அகிலன் டூவீலை விட்டான். இழுக்காத முன் சக்கரம் பழத்தில் முட்டி நின்றது. விசையைக் கூட்டினான். வண்டி பக்கவாட்டில் சுழன்று தெருவைப் பார்த்து நின்றது. தூரத்திலிருந்து வேகமாக விட்டான். பழத்தில் மோதிக் குட்டிக்கரணம் போட்டு மல்லாந்தது. எதிர்வீட்டு மாடியில் யாரோ கை தட்டினார்கள்.

இத்தோடு விட்டிருந்தால் என் கணக்கு நின்றிருக்கும். அகிலன் விடவில்லை. வெயிலில் அந்தத் தெருவில் குந்திக்கொண்டு திரும்பத் திரும்ப ஓட்டினான். அக்கா மோர் கொண்டுவந்து வைத்தாள், குடிக்கவில்லை. மோதுவதற்குச் சற்று முன்னால் விசையைச் சுண்டினால் மூக்கு தூக்கும் என்று ஒரு கட்டத்தில் பிடிபட்டது. முன் சக்கரங்கள் பழத்தைத் தாண்டிப் போயின. பின் சக்கரம் பழத்தின்மேல் வந்து நின்றது. அவன் விசையை முழுக்க அழுத்தினான். முள் முள்ளான அந்த டயர் பழத்தின்மேலேயே நின்று சுழன்று தோலைக் கிழித்தது. சாறும் விதையும் மாமா சட்டையில் தெறிக்க, வண்டி ஒரு துள்ளு துள்ளி அந்தப் பக்கம் போய் விழுந்தது, நாலு சக்கரத்திலும்.

"இதான்டா வண்டி!" என்று அக்கா கத்தினாள். "அது என்னா, பழத்துக்கு வலிக்குமேன்னு போவுது."

அகிலன் எழுந்து நின்று சிரித்தான். அப்படி அவன் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது. நானும் சிரித்தேன். சிரிக்கும்போதே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

5

இருந்தாலும் ஒப்பிடுவது என்று வந்தபிறகு முறையாக ஒப்பிட வேண்டும். மாமா மைதானத்தில் சுண்ணாம்புத் தூளால் பாதை போட்டுத் தந்தார். ஓட்டப் பந்தயத்துக்குக் கோடு போட்டே பழகிய கை என்பதால் முதலில் எல்லாம் நேர்கோடாக வந்தது. வளைவு வேண்டும் மாமா என்றதும், "வண்டிக்கு வளைவா, ஓட்றவனுக்கு வளைவா?" என்று முனகிக்கொண்டே ஒன்றுக்குப் பதில் ஐந்து போட்டார். உயரம் தாண்டப் போட்டிருந்த மணலை அள்ளி ஒரு மேடும் செய்தோம். விசில் அவர் கையில், ஸ்டாப் வாட்சும் அவர் கையில்.

சிதம்பரத்து மண் களிமண். மார்கழி மாதம், மழை விட்டுக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. மேலே காய்ந்து அடியில் ஈரம். ஃபோர்வீல் இதிலும் முந்தியது. ஆனால் ஓட ஓட அதன் வயிற்றுக்கு அடியில் களிமண் அப்பி, கனத்துப்போய், வளைவில் மூக்கைத் தள்ள ஆரம்பித்தது. டூவீலில் மண் அவ்வளவு ஒட்டவில்லை. முதலில் வளைவுக்கு வளைவு சுழன்ற அகிலன், வெயில் ஏறும்போது வளைவுக்கு முன்பே விசையை விட்டுப் பொறுக்கப் பழகியிருந்தான். பின்புறம் லேசாக வழுக்கும், அவன் எதிர்ப்பக்கம் கொஞ்சம் ஸ்டியரிங் கொடுப்பான், வண்டி நேராகி வெளியே வரும். பார்க்க அழகாக இருந்தது. அழகுக்கு ஸ்டாப் வாட்சில் இடம் இல்லை.

"மச்சான், நாலு சக்கரந்தான் ஜாஸ்தி வேகம்" என்று மாமா கடைசியில் தீர்ப்புச் சொன்னார். "சந்தேகமே இல்ல."

அகிலனும் தலையாட்டினான். "ஆமா, ஃபோர்வீல்தான் ஃபாஸ்ட்."

நான் மூச்சு விட்டேன்.

"ஆனா எனக்கு டூவீல்" என்றான்.

"ஏன்டா? நீயே ஃபோர்வீல்தான் ஃபாஸ்ட்டுங்கற."

அவன் தமிழில் வார்த்தை தேடினான். கிடைத்ததை வைத்துச் சொன்னான். "அது யாரு ஓட்டுனாலும் ஒரே மாதிரி ஓடுதுப்பா. நீ ஓட்டுனாலும், நான் ஓட்டுனாலும்."

"அந்தப் பக்கம் போனா மேஜை வேற."

"தெரியும்" என்றான். சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குக் கழுவப் போனான்.

வலித்தது, மறைக்க ஒன்றுமில்லை. மைதானத்தின் ஓரத்தில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். மாமா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சட்டையில் காய்ந்திருந்த எலுமிச்சை விதையைச் சுண்டிவிட்டார். மேஜை, தமிழ், டேனியல் என்று எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். முழுசாகக் கேட்டார்.

"நீ கடலூர்ல இருந்து நியூசிலாந்துக்குப் போன. அவன் பக்கத்து மேசைக்குப் போறான்" என்றார். "வுடு மச்சான்."

6

பிப்ரவரியில் செயலாளருக்குப் பெயர் கொடுத்தோம். அகிலன் டூவீல், நான் ஃபோர்வீல். வயது பதினெட்டுக்குக் கீழ் என்பதால் அவன் வகுப்பு மாறப் பெற்றோர் சம்மதம் வேண்டுமாம். மின்னஞ்சலில் சம்மதம் என்று ஒரு சொல் எழுதி அனுப்பினேன். அப்பா பெயரையும் உறுதி செய்யுங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். எங்கள் குடும்பத்தில் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது, அவன் பெயருக்குப் பின்னால் இருப்பதுதான் என் பெயர் என்பதை இந்த நாட்டுக்கு ஏழாவது வருடமாக விளக்கினேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரே காரில் போவோம், ஒரே காரில் வருவோம். போகும்போது அவன் காதில் பாட்டு இருக்கும். இறங்கியதும் அவன் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். அவன் சிரிக்கும் சத்தம் அங்கிருந்து கேட்கும், என்ன சொல்லிச் சிரிக்கிறான் என்று கேட்காது. என் மேஜையில் கிரஹாம் என்று ஒரு ஓய்வுபெற்ற தபால்காரர் வந்து சேர்ந்தார். நல்ல மனிதர். எந்த ஸ்பிரிங் போட்டிருக்கிறாய் என்று கேட்பார், நான் ஒளிக்காமல் சொல்வேன். ஒளிக்க இப்போது மொழி ஏது? மாதங்கள் இப்படியே போயின. வீட்டில் தோள் குலுக்கல் முன்பைவிட நேர்த்தியானது. கலா ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன். அவள் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டை இரண்டு டப்பாவில் தனித்தனியாகக் கட்ட ஆரம்பித்தாள், அவ்வளவுதான்.

கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பந்தயம் முடிந்ததும் அதில் ஓட்டியவர்கள் மேடையை விட்டு இறங்கி, பாதையின் வளைவுகளில் ஆளுக்கு ஓர் இடமாக நிற்க வேண்டும். அடுத்த பந்தயத்தில் கவிழும் வண்டிகளை ஓடிப்போய் நிமிர்த்தி விடுவது அவர்கள் வேலை. நிமிர்த்தி வைத்த கையை உடனே எடுத்துவிட வேண்டும், ஒரு நொடி தாமதித்தாலும் மேடையில் இருப்பவன் கத்துவான். டூவீல் பந்தயம் முதலில், ஃபோர்வீல் அடுத்து. ஆகவே எங்கள் பந்தயத்தில் நிமிர்த்தி விட நிற்பவர்கள் அகிலனும் அவன் கூட்டாளிகளும்தான்.

2011 குளிர்காலத்தில் ஒரு ஞாயிறு. எனக்கு என்றைக்கும் இல்லாத அதிர்ஷ்டமாக நான் மூன்றாவதாக ஓடிக்கொண்டிருந்தேன். தூரத்து மேட்டில் தேவைக்கு அதிகமாக விசை கொடுத்துவிட்டேன். வண்டி மூக்கைத் தூக்கிப் பின்பக்கமாக மல்லாந்தது. அந்த இடத்தில் நின்றது அகிலன், பத்தடி தள்ளி டேனியல். அகிலன் ஓடி வந்தான். ஈரமண்ணில் வழுக்கி, அவன் ஷூ என் வண்டியின் பக்கவாட்டில் இடித்தது. குனிந்தான், வண்டியைப் புரட்டினான், சரியான திசையில் வைத்தான். கையை எடுத்தான். நான் விசையில் விரலை வைத்துவிட்டேன்.

அவன் கை மறுபடி இறங்கியது. விரல் நுனியால் வண்டியின் கூரையைத் தொட்டு, அதை ஒரு கண்ணிலும் மறு கண்ணிலும் ஒற்றிக்கொண்டான்.

டேனியல் பார்த்துக்கொண்டிருந்தான். பாதை ஓரம் நின்ற எல்லோரும் பார்த்தார்கள். அகிலனுக்குத் தான் என்ன செய்தோம் என்றே தெரிந்த மாதிரி இல்லை. கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்து, அடுத்து வரும் வண்டியைப் பார்த்து நின்றான். அதை அவனுக்கு நான் சொல்லிக்கொடுத்த ஞாபகம் இல்லை. கலாவும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டாள். என் வண்டியைத் தாண்டி ஒன்று போனது, இன்னொன்று போனது. எனக்குக் கண்ணை மறைத்தது.

"வண்டி உடைந்துவிட்டதா?" என்று கிரஹாம் பக்கத்திலிருந்து கேட்டார்.

"இல்ல, கால் பட்டுடுச்சி" என்றேன்.

தமிழில் சொல்லியிருக்கிறேன். அவர் மறுபடியும் கேட்டார். நான் விசையை அழுத்தினேன்.